ஹாதா பைத்துன்: பெரியவர்கள் அரபி படித்த கதை

நம் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு பம்பாய் போய், அங்கிருந்து விமானம் ஏறி, வளைகுடா நாடுகளில் பத்து இருபது வருஷம் உழைத்துத் திரும்பிய நண்பர்கள் இந்தச் சந்திப்பு விழாவுக்கு நிறையப் பேர் வந்திருப்பீர்கள். உங்களிடம் அரபி தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பேசுவேன் சார், படிக்கத் தெரியாது." இதே கேள்வியை ஊரில் பள்ளிவாசல் தெருப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஓதுவேன் தம்பி, அர்த்தம் தெரியாது" என்பார். ஒருவருக்கு எழுத்து இல்லாத பேச்சு. இன்னொருவருக்குப் பொருள் தெரியாத எழுத்து. இரண்டு பேருமே அந்த மொழியோடு அரை ஆயுள் கழித்தவர்கள்.

இது வெறும் ஆசைக் குறை அல்ல. சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டப்படி வேலை ஒப்பந்தம் அரபியில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஆங்கில வாசகம் இருந்தாலும் தகராறு என்று வந்தால் அரபி வாசகம்தான் செல்லும். நம்மாள் கையெழுத்துப் போடுவதோ தனக்குப் படிக்கத் தெரிந்த ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துவிட்டு! "மாஃபி முஷ்கில்" என்று முதலாளியோடு சரளமாகப் பேசுகிறவருக்கு, தன் சம்பளம் எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று தெரியாது.

குழந்தைப் பருவம் தாண்டிய ஒருவர் அரபியை முறையாக, படிப்படியாகக் கற்றுக்கொள்ள என்ன வழி இருந்தது என்று தேடப் போனால், அது 1,200 வருஷத்துக் கதையாக நீளுகிறது. அதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், அந்த மொழிக்குப் பாடப்புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர்களில் முக்கியமான பலர் அரபிகளே அல்ல. வெளியாட்கள். கடைசியாக வருகிறவர் நம் பக்கத்து ஊர்க்காரர்.

எட்டாம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரம் ஒரு சந்தைக்கடை. பாரசீகர்களும் பிறரும் இஸ்லாத்தைத் தழுவி அரபி பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்தார்களே தவிர, பிழை மலிந்தது. அந்தப் பிழையைப் பார்த்துப் பதறித்தான் அரபி இலக்கணமே பிறந்தது என்பார்கள். அங்கே கலீல் இப்னு அஹ்மத் என்ற மேதை ஓர் அகராதி தொடங்கினார். எழுத்துக்களை வழக்கமான வரிசையில் வைக்காமல், தொண்டையின் அடியில் பிறக்கும் ஒலியில் தொடங்கி உதடு வரைக்கும் கொண்டுபோய் வரிசைப்படுத்தினார். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டவர்களுக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம்.

கலீலின் மாணவர் ஸீபவைஹி. ஷீராஸ் பக்கத்துப் பாரசீகர். நபிமொழி படிக்க வந்த இடத்தில் ஒரு சொல்லின் வேற்றுமையைத் தப்பாகச் சொல்லி, ஆசிரியரால் எல்லார் முன்னாலும் திருத்தப்பட்டார் என்றும், "இனி யாரும் என்னைத் திருத்த முடியாத கல்வியைப் படிக்கிறேன்" என்று எழுந்து போனார் என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. அப்படிப் போனவர் எழுதிய நூலுக்குப் பெயரே ‘அல்-கிதாப்’. அதாவது ‘புத்தகம்’. வேறு அடைமொழி தேவைப்படவில்லை. அரபி இலக்கணத்தில் இன்றுவரை அதுதான் மூலநூல்.

அவருடைய முடிவு சோகமானது. பக்தாதில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா பர்மகீ முன்னிலையில் கிஸாயீ என்ற பண்டிதரோடு ஒரு வாதம் நடந்தது. குளவி கொட்டுவது பெரிதா, தேள் கொட்டுவது பெரிதா என்று ஒரு வாக்கியம். அதில் கடைசிச் சொல் முதல் வேற்றுமையில் வர வேண்டுமா, இரண்டாம் வேற்றுமையிலா என்பதுதான் கேள்வி. ஸீபவைஹி முதல் வேற்றுமை என்றார். தீர்ப்புச் சொல்ல வாசலில் நின்றிருந்த பாலைவன அரபிகளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கிஸாயீ பக்கம் சாய்ந்தார்கள். காசு கைமாறியது என்றே பழைய நூல்கள் பேசுகின்றன. தாய்மொழிக்காரனின் வாய்ச்சொல் முன்னால் வெளியாளின் படிப்பு எடுபடவில்லை. மனமுடைந்து பாரசீகத்துக்கே திரும்பிய அவர், சுமார் 796இல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். இதில் வேடிக்கை என்னவென்றால் ஜெயித்த கிஸாயீயும் பாரசீக வழிவந்தவர்தான். பிற்கால இலக்கண ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஸீபவைஹி சொன்னதே சரி என்றார்கள். அதனால் அவருக்கு என்ன லாபம்?

பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். ஆயிரம் வரிச் செய்யுளில் இலக்கணம் முழுவதையும் அடக்கி ‘அல்ஃபிய்யா’ எழுதிய இப்னு மாலிக் ஸ்பெயினில் ஹயென் ஊரில் பிறந்து 1274இல் டமாஸ்கஸில் மறைந்தவர். சில பக்கங்களே உள்ள ‘ஆஜுர்ரூமிய்யா’ எழுதிய இப்னு ஆஜுர்ரூம் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பெர்பர் இனத்தவர், 1323இல் மறைந்தார். இந்த இரண்டு நூல்களும் உலகம் முழுக்கப் போயின. கேரளத்துப் பள்ளிவாசல் தர்ஸ்களில் அல்ஃபிய்யா இன்றும் பாடம்.

ஆனால் இவை எப்படிப்பட்ட நூல்கள்? மனப்பாட நூல்கள். நன்னூல் சூத்திரம் மாதிரி. முதலில் நெட்டுரு, அப்புறம் உரை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரஸாக்களில் ஆறேழு வருஷம் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒத்துவரும். ஸர்ஃபு, நஹ்வு என்று சொல்லிலக்கணமும் தொடரிலக்கணமும் எலும்புக்குள் இறங்கிவிடும். உதாரண வாக்கியம் மட்டும் காலங்காலமாக ஒன்றுதான்: ஸைது அம்ரை அடித்தான். ஆயிரம் வருஷமாக அந்த அம்ரு அடி வாங்கிக்கொண்டே இருக்கிறான், பாவம். நாற்பது வயதில் கடையைச் சாத்திவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் படிக்க வருகிற மனிதருக்கு இந்த வழி சரிப்படுமா? சரிப்படவில்லை. அதனால்தான் அவர் ஓதுவதோடு நின்றார்.

இங்கே நம் கடற்கரை ஊர்களின் அரபுத்தமிழைச் சொல்லாமல் விட முடியாது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்தில் தமிழையே அரபி எழுத்தில் எழுதினார்கள். தமிழுக்கு மட்டுமே உள்ள ஒலிகளுக்காக அரபி எழுத்துக்களில் கூடுதலாகப் புள்ளி வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் சமய நூல்களை அதில் எழுத, வீட்டுப் பெண்கள்கூட வாசித்தார்கள். எழுத்து அரபி, மொழி தமிழ். அருமையான ஏற்பாடு. ஆனால் அரபி மொழியை அது கற்றுத்தரவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் செய்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஐரோப்பாக்காரன் கதை வேறு. 1613இல் ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் எர்பீனியஸ் லத்தீனில் ஓர் அரபி இலக்கணம் போட்டார். அதை வைத்து இருநூறு வருஷம் ஓட்டினார்கள். அது புத்தகப் புழுக்களுக்கானது. வேலைக்குப் போகிற ஆளை உட்காரவைத்து, இத்தனை வாரம், இத்தனை பாடம், இத்தனை சொல் என்று கணக்குப் போட்டுக் கற்பிக்கும் பழக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் சூடு பிடித்தது.

1944இல் பிரிட்டிஷ்காரர்கள் ஜெருசலேமில் ஓர் அரபி பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். முதல் தலைவர், அரேபியாவின் பெரும்பாலையைக் கடந்த பெர்ட்ரம் தாமஸ். அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் ஆப்ரி ஈபன். பின்னாளில் இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சரான அப்பா ஈபன் இவர்தான்! 1947இல் பள்ளி லெபனானுக்கு, பெய்ரூட்டுக்கு மேலே மலையில் இருக்கும் ஷெம்லான் கிராமத்துக்கு மாறியது. தூதரக அதிகாரிகள், ராணுவத்தினர், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள், வங்கி ஊழியர்கள் எல்லாரும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செய்தித்தாளும் வானொலியும் புரிய எந்தச் சொற்கள் தேவை என்று பொறுக்கியெடுத்து 1959இல் ஒரு சொற்பட்டியல் போட்டார்கள். தினமும் இத்தனை சொல் என்று பட்டியலிலிருந்து விழுங்க வேண்டும். நடுநடுவே ஏதாவது அரபு ஊருக்குப் போய், ஆங்கிலம் பேசாமல் காலம் தள்ளிவிட்டு வர வேண்டும்.

ஊர்க்காரர்கள் அதை ‘ஒற்றர் பள்ளி’ என்றே கூப்பிட்டார்கள். 1961இல் அது மெய்யாகவும் ஆனது, ஆனால் தலைகீழாக. அங்கே படித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஜார்ஜ் பிளேக்கை லண்டனுக்குக் கூப்பிட்டுக் கைது செய்தார்கள். ஆள் சோவியத் ரஷ்யாவுக்கு வேலை பார்த்திருக்கிறார். 42 வருஷம் தண்டனை. 1966இல் சிறையிலிருந்து தப்பி மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். லெபனான் உள்நாட்டுப் போரில் நடத்த முடியாமல் 1978இல் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

அமெரிக்க அயலுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் வளர்ந்த மனிதருக்கு ஒரு மொழியில் வேலை பார்க்கும் தேர்ச்சி வர எவ்வளவு காலம்? தமிழுக்கு 44 வாரம், 1,100 மணி நேரம். அரபிக்கு 88 வாரம், 2,200 மணி நேரம். நம் தமிழைவிட இரண்டு மடங்கு! இந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர்கள் ஆங்கிலேயர்கள். நமக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

1973ஆம் வருஷம் ஒரு திருப்பம். எண்ணெய் விலை எகிறியது. அதே டிசம்பரில் அரபி ஐக்கிய நாடுகள் சபையின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றானது. நம் ஊர்களிலிருந்து கொத்தனாரும் கணக்கரும் கப்பல், விமானம் ஏறிய காலம் இது. அதற்குச் சற்று முன்பே, 1969இல், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி கற்பிக்கப் போய்ச் சேர்ந்தார் ஒரு வாணியம்பாடிக்காரர். டாக்டர் வி. அப்துர் ரஹீம்.

பிறந்தது 1933. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து வாணியம்பாடியை நமக்குத் தெரியும்: தோல் பதனிடும் ஊர், 1919லேயே இஸ்லாமியா கல்லூரி கண்ட ஊர், முஸ்லிம் வீடுகள் பலவற்றில் உருது, கடைத்தெருவில் தமிழ். இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது ஆங்கில இலக்கியம். பிறகு கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் அரபியில் டாக்டர் பட்டம், சூடானின் ஓம்துர்மானில் ஆசிரியப் பணி, அப்புறம் மதீனா. நான்கு மொழிகளுக்கு நடுவில் புழங்கிய மனிதருக்கு, ஒரு மொழி வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்த இடத்தில் கதவைச் சாத்துகிறது என்று தெரியாதா? அரபிக்குள் புகுந்த அயற்சொற்களைப் பற்றி ஜவாலிகீ என்பவர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலை ஆராய்ந்து பதிப்பித்தவரும் இவரே.

மதீனா வகுப்பில் ஆப்பிரிக்கா, இந்தோனேசியா, துருக்கி, ஐரோப்பா என்று பல நாட்டு மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை. மொழிபெயர்த்துச் சொல்ல வழியே கிடையாது. அரபியை அரபியாலேயே கற்பிக்க வேண்டிய கட்டாயம். அமெரிக்காவில் 1878இல் பெர்லிட்ஸ் ஐரோப்பிய மொழிகளுக்குத் தொடங்கிவைத்த நேர்முறை இதுதான். அரபி போன்ற மொழிக்கு, இலக்கணம் கெடாமல் அதைச் செய்வதுதான் கஷ்டம். அப்துர் ரஹீம் மூன்று பாகங்களில் செய்து காட்டினார். ‘துரூஸுல் லுகதில் அரபிய்யா’ என்பது நூலின் பெயர். உலகம் முழுக்க ‘மதீனா புத்தகம்’ என்றால் போதும்.

முதல் பாகத்தில் 23 பாடங்கள். முதல் பாடத்தைத் திறந்தால் ஒரு வீட்டின் படம். ‘மா ஹாதா? ஹாதா பைத்துன்.’ இது என்ன? இது வீடு. அடுத்தது பள்ளிவாசல், அடுத்து கதவு, அடுத்து பேனா. ‘இது வீடா? இல்லை, இது பள்ளிவாசல்.’ அவ்வளவுதாங்க முதல் பாடம். விதி ஒன்றுகூட இல்லை. ஆனால் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நடுவில் ஒரு வினைச்சொல் வேண்டும், வீட்டுக்கு முன்னால் ‘ஒரு’ வேண்டும். அரபியில் இரண்டே சொல். தமிழிலும் இரண்டே சொல். இது வீடு. அச்சு அசல் அதே கட்டு!

இரண்டாம் பாடத்தில் ‘அது’ வருகிறது. மூன்றாவதில் ‘அந்தக் குறிப்பிட்ட வீடு’ என்பதற்கு ‘அல்-பைத்து’. முன்னால் ‘அல்’ ஏறினதும் பின்னால் இருந்த ‘ன்’ இறங்கிவிடுகிறது. நான்காவதில் ‘வீட்டில்’ என்பது ‘ஃபில் பைத்தி’. ‘பைத்து’ எப்போது ‘பைத்தி’ ஆனது? ஆசிரியர் சொல்லவில்லை. நாலு வாக்கியம் படித்தபின் வாயே பழகிக்கொள்கிறது. ஐரோப்பியனுக்கு அரபி வேற்றுமை பெரிய பூதம். ‘வீடு’ ‘வீட்டில்’ ஆவதையும், ‘மரம்’ ‘மரத்தை’ ஆவதையும் பிறந்தது முதல் சொல்லிவருகிற நமக்கு என்ன பூதம்? வினையும் அப்படியே. ‘எழுதினான்’, ‘எழுதினாள்’ என்று வால் பகுதியிலேயே ஆள் யார் என்று தெரிகிற மொழி நம்முடையது. ‘கதப’ என்றால் எழுதினான், ‘கதபத்’ என்றால் எழுதினாள். 2,200 மணிக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று சொன்னது இதனால்தான். உச்சரிப்பில் மட்டும் நாம் பின்தங்குவோம். தமிழ் எழுத்தில் ‘ஹ’ ஒன்றே. அரபியில் அதற்கு இரண்டு. நாம் ‘ஸ’ என்று எழுதுகிற இடத்தில் அங்கே மூன்று வேறு எழுத்துக்கள் உண்டு. அதற்கு ஆசிரியர் வாயைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், வேறு வழி இல்லை.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன். நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் அரபி பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அரபிச் சொல் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேர். க-த-ப என்றால் எழுத்து சம்பந்தம். அதை வெவ்வேறு அச்சில் வார்த்தால் வெவ்வேறு பொருள். செய்பவன் என்ற அச்சில் ‘காதிப்’, எழுதுபவன். செய்யப்பட்டது என்ற அச்சில் ‘மக்தூப்’, எழுதப்பட்டது. இடம் என்ற அச்சில் ‘மக்தப்’, எழுதும் இடம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓதப் போகிற மக்தப் இதுவே. இப்போது ‘மக்தூப்’ போலவே ஒலிக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடுங்கள். மகசூல்: திரட்டப்பட்டது. மாமூல்: செய்யப்பட்டுவருவது, வழக்கம். (போலீஸ்காரருக்குக் கொடுப்பதற்கு இந்தச் சொல் வந்தது நம் நாட்டுக் கைங்கரியம்.) வளைகுடாவில் நீங்கள் சொன்ன ‘மாஃபி மாலூம்’ இருக்கிறதே, அந்த மாலூமும் இதே அச்சு: அறியப்பட்டது. ‘காதிப்’ அச்சில் கோர்ட்டு வாசலில் கூப்பிடும் ஆஜர், ஜாமீன், கடைக் கணக்கில் பாக்கி. வக்கீலும் உங்கள் கஃபீலும் ஒரே அச்சில் வந்த அண்ணன் தம்பி. நவாபு காலத்துக் கச்சேரிகளில் பாரசீகம், உருது வழியாக வந்து இவை நம் வாயில் குடியேறிவிட்டன. கிராமத்தில் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிகூட ‘அசல், வசூல், பாக்கி’ சொல்லுவார். வேரும் அச்சும் என்ற கணக்கு ஒரு தடவை பிடிபட்டால் ஒரு சொல் கற்றவருக்கு ஐந்து சொல் இனாம். ‘இனாம்’ அதுவும் அரபிதான்.

மதீனா புத்தகம் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். அது கற்றுத்தருவது ஃபுஸ்ஹா என்னும் எழுத்து அரபி. துபாய் மீன் மார்க்கெட்டில் ஃபுஸ்ஹாவில் விலை கேட்டால், கோயம்பேட்டில் ஒருவர் வந்து "ஐயா, இத்தக்காளியின் விலை யாது?" என்று கேட்ட மாதிரி இருக்கும். பதில் கிடைக்கும், சிரிப்பும் கிடைக்கும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இப்படி ஒரு பள்ளம் நம் மொழியிலும் உள்ளதால் தமிழனுக்கு இது அதிர்ச்சி தராது. வளைகுடா போய் வந்தவர்களுக்கோ பேச்சு கைவசம் இருக்கிறது. விட்டுப்போனது எழுத்துதான். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘அல்-கிதாப்’ பாடவரிசை எழுத்தையும் பேச்சையும் சேர்த்துக் கற்பிக்கிறது. (பெயரைப் பாருங்கள், ஸீபவைஹியின் பெயர்!) ஆனால் அது ஆங்கிலம் வழியாகப் போவது, விலையும் அதிகம். மதீனா புத்தகத்தைச் சென்னையிலேயே இஸ்லாமிக் ஃபவுண்டேஷன் ட்ரஸ்ட் அச்சிட்டு விற்றிருக்கிறது.

அப்துர் ரஹீம் பின்னாளில் மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். 2023 அக்டோபரில் மதீனாவிலேயே காலமானார். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘வி’ வாணியம்பாடி. அரபியில் ‘வி’ ஒலிக்கு எழுத்து இல்லை. அதனால் புத்தக அட்டையில் அது ‘ஃபா’ ஆகி, உலகத்தில் பாதிப் பேர் அவரை ‘எஃப். அப்துர் ரஹீம்’ என்றே அறிவார்கள். இனிஷியல் என்ற நம் ஊர் வழக்கம் அரபிகளுக்குப் புரியாததால், அது என்ன ‘ஃபா’ என்று கேட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித் தரும்போது இந்த மூன்று பாகங்களில் ஐந்தாறு பிரதிகளும், ஹான்ஸ் வேர் அகராதி ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அகராதியில் சொற்கள் வேர் வரிசையில்தான் இருக்கும். ‘மக்தப்’ வேண்டுமென்றால் ‘ம’வில் தேடக் கூடாது, க-த-பவில் தேட வேண்டும். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். வாரம் ஒரு பாடம் வைத்தால் முதல் பாகம் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்றுத் துறை வகுப்பறை எப்படியும் சும்மாதான் கிடக்கிறது. அரபி தெரிந்த முன்னாள் மாணவர் யாராவது முன்வந்தால், சாவி வாங்கித் தருவது என் பொறுப்பு.